பரிந்துரையும் விமர்சனமும்: நூலகப் பணியாளரின் வாசகர் வழிகாட்டல் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய விமர்சனம் என்னுந் தொடரைக் கேட்டவுடன் அச்சில் வெளிவரும் எழுத்தே எமது நினைவுக்கு வருகின்றது. முன்னுரை, மதிப்புரை, கருத்தரங்கக் கட்டுரை, ஆய்வேடு என்பன விமர்சனத்தின் வடிவங்களாக எம்மிடையே நிலைபெற்றுவிட்டன. இவற்றை எழுதுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் ஒரே வட்டத்தினர் என்பதும் நாம் அறிந்ததே. இவ்வட்டத்துக்கு வெளியே, எவ்வித எழுத்துமின்றி, நாள்தோறும் நிகழும் விமர்சனம் ஒன்றுண்டு. பொதுசன நூலகமொன்றின் இரவல் வழங்கும் பகுதியில் இருக்கும் பணியாளரிடம் ஒருவர் வந்து, வாசிப்பதற்கு நல்ல புத்தகம் ஏதும் உண்டா என்று கேட்கிறார். பணியாளர் ஒரு கணம் அவரைப் பார்க்கிறார். அடுக்கின் அருகே சென்று ஒரு நூலை எடுத்துவந்து கொடுக்கிறார். அவ்வேளையில் அவர் பல நூல்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார், ஏனையவற்றை விலக்குகிறார், தாம் தெரிந்ததை ஒரு குறித்த மனிதரோடு பொருத்துகிறார். தெரிதலும் விலக்கலும் பொருத்தலும் விமர்சனச் செயல்கள் அல்லவாயின் வேறெவை விமர்சனச் செயல்கள் ஆகும்?

வளர்ந்தோருக்கும் கட்டிளம் பருவத்தினருக்கும் பல்வகை நூல்களைப் பரிந்துரைத்தல் நூலகப் பணியாளரின் கடமைகளுள் ஒன்று என்பதை நூலகவியலார் எவரும் மறுப்பதில்லை. ஆயின் பல்வகைமை என்பது யாது, அது எந்த நியாயத்தின்மேல் நிற்கின்றது என்ற வினாக்கள் எம்மிடையே எழுப்பப்படுவதில்லை. கடமை ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் விவாதம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. உண்மையில் விவாதம் தொடங்கவேண்டிய இடம் அதுவேயாகும்.

தமிழர் சூழலில் இவ்வினாவை அடிப்படை நிலையில் எதிர்கொண்டவர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். கணித விரிவுரையாளராக இருந்த அவர் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931இல் வெளிவந்த அவரது ஐந்து விதிகள் இன்று நூலகவியல் மாணவர் யாவரும் மனனஞ்செய்யும் பாடமாகிவிட்டன. மனனஞ்செய்யப்படும் எதற்கும் நேரும் கதியே அவற்றுக்கும் நேர்ந்துள்ளது. நூல்கள் பயன்பாட்டுக்கே உரியன என்னும் முதல் விதியை எல்லாரும் மேற்கோளாக எடுத்தாள்வர். எமது பொருளுக்கு இன்றியமையாதவை இரண்டாம் மூன்றாம் விதிகளேயாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்பது மூன்றாவது விதி. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒரே கூற்றின் இரு பக்கங்கள் போலத் தோன்றும். அவ்வாறன்று. இரண்டாம் விதி வாசகரின் விருப்பத்திலிருந்து தொடங்குகின்றது. மூன்றாம் விதியோ, எவரும் கேட்டு வராத நூலின் சார்பில் பேசுகின்றது. அடுக்கிலே தூசி படிந்து கிடக்கும் நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு, அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது நூலகத்தின் பணி என்கின்றது. இவ்விரண்டு விதிகளுக்கும் இடையில் ஓர் இழுபறி உண்டு. பரிந்துரை பிறப்பது அந்த இழுபறியிலேதான்.

மூன்றாம் விதியை நிறைவேற்றும் வழிகளுள் முதன்மையானதாக இரங்கநாதன் கருதியது திறந்த அடுக்கு முறையாகும். வாசகர் தாமே அடுக்குகளிடையே நடந்து, தேடிவந்த நூலின் பக்கத்தில் தேடிவராத நூலையும் காணவேண்டும் என்பது அவர் கருத்து. எமது நாட்டோடு அவருக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்துக்குப் புதிய கட்டடம் திட்டமிடப்பட்டபோது இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. அக்கட்டடம் 1959இல் திறந்துவைக்கப்பட்டது. 1967இல் அங்கே சிறுவர் பகுதி அமைந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை யாவரும் கூறுவர். அந்த எண்ணிக்கையுள் அடங்காத இழப்பொன்றும் இருத்தல் வேண்டும். எந்த வாசகர் எந்த நூலை விரும்பினார், எதை நடுவில் மூடிவைத்தார், எதன்பின் எதைக் கேட்டு வந்தார் என்பன போன்ற அறிவு எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. அது பணியாளர் மனத்திலும், கைப்பட்டுத் தேய்ந்த நூல்களின் திகதித் தாள்களிலுமே தங்கியிருக்கும். நூல்களை மீளச் சேகரிக்கலாம், மீளச் சேகரிக்கவும்பட்டன. வாசிப்பின் நினைவை அவ்வாறு சேகரித்தல் இயலாது. ஒரு தலைமுறைப் பணியாளர் தமக்குப் பின்வந்தோருக்குக் கையளித்திருக்கக்கூடிய அறிவின் தொடர்ச்சி அங்கே அறுந்தது என்றே கொள்ளவேண்டும்.

பரிந்துரையை ஒரு தனித் தொழிற்றிறனாக வளர்த்த பெருமை ஐக்கிய அமெரிக்க நூலகங்களையே சாரும். அங்கு தோன்றிய இரு போக்குகளை ஒப்புநோக்குதல் பயன் தரும். முதலாவது போக்கின் பிரதிநிதியாக மார்கிரட் எட்வேட்ஸைக் கொள்ளலாம். ஆசிரியையாக இருந்து 1932இல் பால்ரிமோர் நகரின் ஏனொக் பிரட் நூலகத்திற் சேர்ந்த இவர் முப்பதாண்டுகள் கட்டிளம் பருவத்தினரிடையே பணியாற்றினார். இவருடைய உதவியாளராக விரும்பியவர் முந்நூறு அளவிலான நூல்களை வாசித்து, அவை பற்றி அவரோடு உரையாடித் தேறவேண்டியிருந்தது. பதவிக்கு வருமுன்னர் முந்நூறு நூல்கள்! எமது பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளில் நாம் வாசித்த நூல்களை எண்ணிப்பார்த்தால் இவ்வெண்ணின் பருமை விளங்கும். மேசைக்குப் பின்னே அமர்ந்திருந்து வினாவுக்கு விடையளிப்பதை அவர் பணியாகவே கருதவில்லை. அடுக்குகளிடையே நடமாடி, தயங்கி நிற்கும் இளைஞரை அணுகிப் பேசுவதே அவர் கண்ட பணி. பாடசாலை வகுப்புகளுக்குச் சென்று நூல்களைப் பற்றிச் சுவைபடப் பேசினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரை வண்டியொன்றில் நூல்களை ஏற்றி நகரின் தெருக்களுக்குக் கொண்டுசென்றார்.

எட்வேட்ஸின் வழிகாட்டல் முறையை ஏணிமுறை எனலாம். இளைஞர் காதற்கதையோ விளையாட்டுக் கதையோ கேட்டு வந்தால் அதை மறுக்காது கொடுக்கவேண்டும். பின்னர் சிறிது சிறிதாக வளர்ந்தோருக்குரிய ஆழமான நூல்களுக்கும், பிற இனத்தவர் பிற நாட்டவர் வாழ்க்கையைக் கூறும் நூல்களுக்கும் அவரை இட்டுச்செல்லவேண்டும். இம்முறையின் வலிமை, அதற்கு ஒரு நோக்கம் இருந்தமையாகும். நூல் தரும் பணியாளர் தாம் எங்கே அழைத்துச் செல்கிறோம் என்பதை அறிந்திருந்தார். அதன் குறைபாடும் அந்நோக்கத்திலேயே உண்டு. ஏணியில் ஏறுபவன் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காதற்கதை வெறும் படியாகவே மதிக்கப்படும்போது, அதை விரும்பும் வாசகர் அதில் எதைக் கண்டு விரும்புகிறார் என்று கேட்கப்படுவதில்லை. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய குறையன்று. 1960களிலும் 1970களிலும் எமது முற்போக்கு விமர்சகர்கள் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளை எதிர்த்து நடத்திய இயக்கத்திலும் இதனைக் காணலாம். அவ்வியக்கத்தின் தேவையை இங்கு எவரும் மறுக்கவில்லை. ஈழத்து நாவல் தனக்கென வாசகரைப் பெற்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையும் வீரகேசரிப் பிரசுரங்கள் தொடர்ந்து வெளிவந்தமையும் அதற்குத் துணைநின்றன. ஆயினும் நச்சிலக்கியம் என்று ஒதுக்கப்பட்டவற்றை வாசித்தவர்கள் ஏன் வாசித்தார்கள் என்று அவ்விமர்சனம் பொறுமையோடு ஆராயவில்லை. ஆராய்ந்திருப்பின் அவ்வாசகரை அழைத்து வருவது எளிதாயிருந்திருக்கும்.

இரண்டாவது போக்கு 1989இல் ஜொய்ஸ் சாரிக்ஸும் நான்சி பிரவுணும் எழுதிய கைந்நூலோடு தெளிவான வடிவம் பெற்றது. நூலின் தரம் யாது, பொருள் யாது என்ற வினாக்களைச் சற்றே ஒத்திவைத்து, அந்நூல் வாசகரை எவ்வாறு ஈர்க்கின்றது என்று இவர்கள் கேட்டனர். கதை விரைந்து செல்கின்றதா, மெதுவாக விரிகின்றதா? பாத்திரங்களோடு நெருங்கி நிற்கின்றோமா, தொலைவில் நிற்கின்றோமா? நிகழ்ச்சிகளின் பின்னல் முக்கியமா, களமும் சூழலும் முக்கியமா? வாசகர் விரும்பிய நூலொன்றைப் பற்றி அவரைப் பேசவிட்டு, அப்பேச்சிலிருந்து இவற்றை இனங்கண்டு, வேறு நூலுக்கு வழிசெய்வதே இவர்கள் கண்ட முறை. ஒரு வாசகரின் சுவையைப் பணியாளர் இழிவாக நோக்கலாகாது என்பது இதன் அடிப்படை அறம். எட்வேட்ஸின் ஏணி இங்கே சமதரையாகின்றது.

இவ்விரண்டாவது போக்கு ஏற்படுத்திய முன்னேற்றம் மெய்யானது. உருவம், உத்தி என்று நாம் விரிவுரைகளிற் கேட்கும் சொற்களை, வாசகர் ஒருவரின் அனுபவத்திற் பொருத்திப் பார்க்கும் பயிற்சியாக அது மாற்றியது. ஆனால் சமதரைக்கும் ஓர் ஆபத்துண்டு. எல்லாத் திசையும் சமம் என்றால் எத்திசையிலும் போகவேண்டிய அவசியமில்லை. வாசகர் விரும்பியதைப் போன்ற இன்னொன்று, அதைப் போன்ற இன்னொன்று என ஒரே வட்டத்துள் அவரைச் சுற்றிவரச் செய்வதற்கும் அதே முறை இடங்கொடுக்கும். இன்று இணையவழிப் புத்தகக் கடைகள் செய்வது இதுவே. இந்நூலை வாங்கியோர் அந்நூலையும் வாங்கினர் என்று ஒரு கணக்கு அவருக்கு அறிவிக்கின்றது. அது தவறான தகவலாயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் நியாயம் ஏதும் இல்லை.

நியாயம் என்ற சொல்லையே இக்கட்டுரை வற்புறுத்த விரும்புகின்றது. பரிந்துரையை விளம்பரத்திலிருந்தும் கட்டளையிலிருந்தும் வேறுபடுத்துவது, நூலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் காரணமேயாகும். இந்நூல் நல்லது என்பது காரணமன்று. இந்நூல் உமக்கு ஏன் என்பதே காரணம். அது ஒரு வாக்கியமாக இருக்கலாம். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பணியாளர் நூலையும் வாசித்திருத்தல் வேண்டும். எதிரே நிற்பவரையும் சிறிது வாசித்திருத்தல் வேண்டும்.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாக நோக்குவோம். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரு பாகத் திரைப்படமாக வந்தது. படத்தைப் பார்த்த மாணவர் ஒருவர் நூலகத்துக்கு வந்து ஐந்து பாகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பாகங்களை முடித்த வாசகர் எந்நூலகத்துக்கும் பெருஞ்செல்வம். இனி அவருக்கு எதைக் கொடுப்பது? பழகிய விடை 'கடல்புறா' அல்லது 'யவன ராணி'. சாண்டில்யனை அவர் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சரித்திர நாவலுக்குப் பின் சரித்திர நாவல் என்பது நூலின் முதுகில் ஒட்டிய சீட்டைப் பார்த்துச் செய்யும் பரிந்துரையாகும். மாணவரிடம் எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டால் வழிகள் பல திறக்கும். பூங்குழலி தனியே படகு செலுத்தும் கோடிக்கரைக் கடல் அவர் மனத்திற் பதிந்திருப்பின், செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைக் கொடுக்கலாம். 1973இல் வெளிவந்த அந்நாவலில் காற்றுப் பருவத்தோடு நெடுந்தீவுக்கு வந்து வாடியமைக்கும் மீனவரின் வாழ்வு உண்டு. கடல் அங்கே காட்சிப்பொருளாக இராது தொழிற்களமாக இருக்கின்றது. வந்தியத்தேவன் ஊர்விட்டு ஊர் ஓடி, எதிரிகளிடையே சொல்வன்மையால் தப்பும் துணிகரமே கவர்ந்ததெனின், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' உண்டு. மெடான், பினாங்கு நகரங்களில் யுத்தகாலத்தில் அலையும் பாண்டியன் வந்தியத்தேவனின் தூரத்து உறவினன் எனலாம். ஆனால் அவனுக்குத் திரும்பிச் செல்ல ஓர் அரசவை இல்லை. 1972இல் வெளிவந்த அந்நூலின் மொழிநடை இளம் வாசகருக்குக் கடினமானது; அக்கடினத்தை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதும் பரிந்துரையின் நேர்மையில் அடங்கும். அநுராதபுரக் காட்சிகளைக் கண்டு, அக்காலத்து இலங்கையில் உண்மையில் நடந்தது என்ன என்று மாணவர் கேட்பாராயின், புனைகதை அடுக்கிலிருந்து வரலாற்று அடுக்குக்கு அவர் தாமாகவே நடக்கத் தொடங்கிவிட்டார். க. இந்திரபாலாவின் 'இலங்கையில் தமிழர்' உயர்தர வகுப்பு மாணவருக்குப் பாரமானதே. எனினும் கல்கி கற்பனையால் நிரப்பிய இடங்களை ஒரு வரலாற்றாசிரியர் எத்தகைய தயக்கத்தோடு அணுகுகிறார் என்பதைக் காண ஓர் அதிகாரம் போதும்.

இம்மூன்று நூல்களையும் ஒரு பட்டியலிற் போட்டால் அவற்றிடையே எவ்வித ஒற்றுமையும் தோன்றாது. ஒரு வாசகரின் ஒரு நூலிலிருந்து புறப்படும் வழிகளாக நோக்கும்போதே அவை ஒன்றோடொன்று உறவுகொள்கின்றன. பல்வகைமை என்பதை இவ்வாறே விளங்கிக்கொள்ளவேண்டும். வாசிப்பு மாதம் வந்தவுடன் சில நூலகங்களில் தொங்கவிடப்படும் பட்டியல்களில் ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுதி, ஒரு வாழ்க்கை வரலாறு, ஒரு சமய நூல், ஒரு விஞ்ஞான நூல் என்று ஒழுங்கு தவறாது காணப்படும். எவரையும் மனத்திற்கொள்ளாது ஆக்கப்பட்டமையால் எவரையும் அசைக்காத பட்டியல்கள் இவை. திருமண வீட்டுப் பந்தியில் எல்லாக் கறியும் ஒவ்வொரு கரண்டி வைக்கப்பட்டாற்போல.

வளர்ந்த வாசகர் விடயத்தில் தடை வேறுவிதமானது. அவர் தமக்கு எது பிடிக்கும் என்பதை முடிவுசெய்துவிட்டவர்; வழிகாட்டலை அவமதிப்பாகக்கூட எடுத்துக்கொள்ளக் கூடியவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், ஐயா இதையும் வாசித்துப் பாருங்கள் என்று இளம் உதவியாளர் சொல்வதற்குத் துணிவு வேண்டும். வாரந்தோறும் ரமணிசந்திரன் நாவல்கள் இரண்டை எடுத்துச்செல்லும் பெண்களைப் பற்றி நூலகங்களிலும் விரிவுரை மண்டபங்களிலும் ஒரு மெல்லிய ஏளனம் நிலவுகின்றது. அந்நாவல்களில் அவர்கள் தேடுவது வெறுங் காதல் என்பது ஏளனஞ் செய்வோரின் ஊகமே. வீடு, திருமணம், மாமியார், பொருள்நிலை ஆகியவற்றினிடையே ஒரு பெண்ணின் தன்மதிப்பு எவ்வாறு காப்பாற்றப்படுகின்றது என்பதும் அங்கே கதையாகின்றது. அதனைப் புரிந்துகொண்ட பணியாளர் திருகோணமலை ந. பாலேஸ்வரியின் நாவல்களைக் கொடுக்கலாம். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் துயரைச் சொல்லும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யைக் கொடுக்கலாம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' வரை செல்லலாம். ஒவ்வொரு நகர்விலும் வாசகி தாம் விரும்பியதைக் கைவிடாமலே புதியதொன்றை அடைகின்றார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அவருக்குச் சொல்லப்படல் வேண்டும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கே வகுத்துள்ளார்: ஐம்பது பக்கம் வாசித்தும் ஒட்டவில்லையெனின் மூடிவிடலாம், ஐம்பது வயதைக் கடந்தவர் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து எஞ்சிய பக்கங்களை வாசித்தாற் போதும். வேடிக்கையாகத் தோன்றினும், தொடங்கிய நூலை முடிக்காதிருத்தல் குற்றமென்று வகுப்பறையிற் பழக்கப்பட்ட எமக்கு இது தேவையான விடுதலை.

கட்டிளம் பருவத்தினரின் நிலையே எமது நூலகங்களில் மிகவும் கவலைக்குரியது. சிறுவர் பகுதி உண்டு. வளர்ந்தோர் பகுதி உண்டு. பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவருக்கு எஞ்சுவது உசாத்துணைப் பகுதியின் மேசையும் கடந்தகால வினாத்தாள்களுமே. க.பொ.த. சாதாரண தரமும் உயர்தரமும் அவ்வயதினை முழுமையாக விழுங்கிவிடுகின்றன. சிறுவர் நூல்களை விட்டு வெளியேறியவர் அடுத்து ஒரு கதைநூலைக் கையிலெடுப்பது, எடுப்பாராயின், பல்கலைக்கழகம் வந்த பின்னரே. இவ்வயதினருக்கென்றே எழுதப்பட்ட நூல்கள் தமிழில் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அது முழுக் காரணமன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1998 முதல், வளர்ந்தோருக்காக எழுதப்பட்டு இளையோரையும் கவரக்கூடிய பத்து நூல்கள் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்டு எட்வேட்ஸின் நினைவாக 'அலெக்ஸ்' விருது பெறுகின்றன. எமக்கு வேண்டியதும் இந்தப் பார்வையே. தனி இலக்கியம் பிறக்கும்வரை காத்திராது, இருக்கும் இலக்கியத்தை வேறொரு வயதின் கண்கொண்டு நோக்குதல். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இற் சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ' தமிழிலும் வாசிக்கக் கிடைக்கின்றது. வீட்டை விட்டோடித் தீவொன்றிற் குடியேறும் உபாலியையும் ஜின்னாவையும் எந்தத் தமிழ்ச் சிறுவனும் தன் நண்பராக ஏற்பான். அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நூலிற் கொக்குவில் சிறுவனாகத் தொடங்குபவர் உலகெங்கும் அலைகின்றார். இதே நூலை அறுபது வயதினருக்கும் கொடுக்கலாம். அவருக்குச் சொல்லும் காரணம் நினைவு. பதினைந்து வயதினருக்குச் சொல்லும் காரணம் நகைச்சுவை. நூல் ஒன்று, நியாயம் இரண்டு.

இங்கு தவிர்க்கவியலாத ஒரு வினா உண்டு. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் பின் பிறந்தோர் இன்று பதின்ம வயதினராயுள்ளனர். அவர்களுடைய பெற்றோர் பேசாதிருக்கும் விடயங்களை எமது புனைகதை பேசியுள்ளது. 2001இல் வெளிவந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா', தீவகத்துச் சிறுவன் ஒருவன் இயக்கத்திற் சேர்ந்த கதையைக் கூறுகின்றது. கதையில் வருபவனின் வயதினருக்கு அக்கதையைக் கொடுக்கலாமா? கொடுக்கலாகாது என்பதற்குப் பணியாளர் பல காரணங்களைக் கருதக்கூடும்: வன்முறை, மொழி, அரசியல், பெற்றோரின் முறைப்பாடு. இவற்றுள் எதனையும் அற்பமெனத் தள்ளிவிட முடியாது. ஆயினும் மௌனமாக அடுக்கில் விட்டுவிடுதலும் ஒரு தெரிவே. அதற்கும் நியாயம் கூறவேண்டிய பொறுப்பு உண்டு. உயர்தர வகுப்பு மாணவருக்கு, அதன் கடுமையைச் சொல்லி, வாசித்தபின் பேசுவதற்கு வருமாறு அழைத்துக் கொடுக்கலாம் என்பதே எமது கருத்து. அவ்வாறு பேசுவதற்கு நேரமுள்ள பணியாளர் இல்லாவிடத்து அப்பரிந்துரை அரைகுறையாகவே முடியும் என்பதையும் ஏற்றுக்கொள்கின்றோம்.

குறையைப் பணியாளர்மேல் மட்டும் சுமத்துதல் அநீதியாகும். தொலைந்த நூலுக்கு விளக்கம் எழுதவேண்டியவர் கண்ணாடி அலுமாரியைப் பூட்டிவைக்கவே நாடுவார். இரவல் வழங்கல், திருப்பிப் பெறல், குற்றப்பணம் அறவிடல், தினசரிகளைக் கோத்துவைத்தல் ஆகிய அனைத்தையும் ஓரிருவரே பார்க்கும் பிரதேச நூலகத்தில் முந்நூறு நூல்களை வாசிக்குமாறு யாரைக் கேட்பது? நூலகவியற் பாடநெறிகளும் பகுப்பாக்கத்துக்கும் பட்டியலாக்கத்துக்கும் அளிக்கும் இடத்தை வாசிப்புக்கு அளிப்பதில்லை. நூலின் இலக்கத்தைப் பிழையின்றி இடத் தெரிந்தவர் அந்நூலைத் திறந்து பாராமலே பயிற்சியை முடித்துவிடலாம்.

எமது பங்கும் இதில் உண்டு. பல்கலைக்கழகத் தமிழ் விமர்சனம், இவ்விதழில் வெளிவருவன உட்பட, ஒரு நூலகப் பணியாளருக்குப் பயன்படும் வாக்கியத்தை அரிதாகவே தந்துள்ளது. ஒரு நாவல் யதார்த்தவாதமா, இயற்பண்புவாதமா என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றோம். அது எத்தனை பக்கம், எவ்வளவு விரைவாகச் செல்லும், பேச்சுவழக்கு எப்பிரதேசத்தது, எவ்வயதினர் அதனை விரும்பக்கூடும் என்பவற்றைச் சொல்வது எமது தகுதிக்குக் குறைவென எண்ணுகின்றோம். இதற்கு விலக்காக, என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' ஈழத்தவர் நூல்களை, தொகுதிக்கு ஆயிரமாக, சிறு குறிப்புக்களோடு பதிவுசெய்கின்றது. ஒரு நூல் எதைப் பற்றியது என்பதை அதிலிருந்து அறியலாம். அதனோடு, யாருக்கு, ஏன் என்ற இரண்டு வரிகளைச் சேர்ப்பது எம் போன்ற மாணவர்களாற் செய்யக்கூடிய வேலையே. தமிழ்ச் சங்கமொன்று ஆண்டுக்கு ஐம்பது நூல்களுக்கு அத்தகைய குறிப்புத் தாள்களை எழுதி, அயலிலுள்ள பொதுசன நூலகத்துக்குக் கொடுத்தால் எமது கருத்தரங்குகளிற் சிலவற்றை விட அது பயனுடையதாகும்.

அவ்வாறு எழுதப்படும் தாளும் ஓரிடத்தில் முட்டிநிற்கும். எமது நூலகங்கள் பலவற்றில் ஈழத்து நூல்கள் தனிச் சேகரமாக உசாத்துணைப் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. பிரதி ஒன்றே உள்ளது, மறுபதிப்பு இல்லை, தொலைந்தால் மீளப் பெறமுடியாது என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். 1981ஐக் கண்ட சமூகத்தில் இவ்வச்சத்தை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் விளைவு யாதெனில், இரவலாக வீட்டுக்குச் செல்வது சென்னையில் அச்சான நாவல். ஈழத்து நாவலை வாசிக்க விரும்புபவர் நூலகம் மூடும் நேரத்துக்கு முன் அங்கேயே அமர்ந்து வாசித்து முடித்தாக வேண்டும். இருநூற்றைம்பது பக்க நாவலை யார் அவ்வாறு வாசிப்பார், பரீட்சைக்குத் தேவைப்பட்டாலன்றி? 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் இச்சிக்கலை ஓரளவு தளர்த்தியுள்ளது. அங்கே பல ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். கைத்தொலைபேசியைக் கீழே வைக்க மனமில்லாத பதினாறு வயதினருக்கு அதன்வழியே ஒரு பழைய 'மல்லிகை' இதழைக் காட்டிக்கொடுக்கவும் பணியாளரால் இயலும். அச்சுநூலைப் பொறுத்தமட்டில், தனிச்சேகரத்தில் இரு பிரதிகள் உள்ளவற்றையாவது பிரித்து ஒன்றை இரவற் பகுதிக்கு மாற்றுவது ஒரு பட்டியல் திருத்தத்தோடு முடியும் காரியம். உள்ளூராட்சிச் சபைகள் நூற்கொள்வனவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஈழத்து நூல்களின் இரண்டாம் பிரதிக்கென வரையறுத்தலும் கூடும். அதுவரை 'தூரத்துப் பச்சை'யைப் பரிந்துரைக்கும் பணியாளர், அந்நூலை வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பதையும் அதே மூச்சிற் சொல்லவேண்டியவராயுள்ளார்.